பம்பாய்த் தணிக்கையாளரின் கிராமக் கணக்கு

ஜே.சி. குமரப்பா தொழில் மாறியது 1929இல். அப்போது அவருக்கு வயது 37. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துத் தேர்ந்து, பம்பாயில் சொந்தத் தணிக்கை நிறுவனம் நடத்தியவர் அவர். அந்த வருமானத்தை விட்டுவிட்டு, சம்பளம் என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லாத கிராமப் பணிக்குப் போனார். தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே விசுவாசத்தை நம்பி வேலையை விட்டவர் என்றால், முழுநேர ஊழியத்துக்குப் போனவர் என்றே பொருள்கொள்வார்கள். குமரப்பா போதகர் ஆகவில்லை. அவர் கையில் எடுத்தது நெல் குத்தும் உரலும் மரச்செக்கும் பனைவெல்லமும். ஆனால் இயேசு நடந்து காட்டிய வழியில் நடப்பதாகவே அவர் கடைசிவரை சொன்னார். அதற்காக மூன்று முறை சிறை சென்றார், தம் திருச்சபையின் தலைமையோடும் மோதினார்.

தஞ்சாவூரில் 1892 ஜனவரி 4 அன்று பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். தந்தை பொதுப்பணித் துறை அதிகாரி. வீட்டில் ஜெபமும் இருந்தது, மேல்நாட்டுப் பழக்கவழக்கமும் இருந்தது. அந்தக் காலத்துப் படித்த கிறிஸ்தவக் குடும்பங்களில் இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தன. குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை அவரும் சகோதரர்களும் பிற்பாடுதான் மீட்டுக்கொண்டார்கள். பம்பாயில் தொழில் நடத்திய நாட்களில் உடையிலும் உணவிலும் பேச்சிலும் அவர் முழு ஆங்கிலேயர். அரசியலில் நாட்டம் கிடையாது.

மாற்றத்தின் முதல் விதை விழுந்தது அமெரிக்காவில். 1927இல் அங்கே போனவர், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் முடித்துவிட்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்தார். அந்த நாட்களில் ஒரு தேவாலயத்தில் இந்தியாவின் வறுமையைப் பற்றி உரையாற்றினார். அது நாளிதழில் செய்தியாக வந்தது. கொலம்பியாவில் அவருக்குப் பேராசிரியரான செலிக்மன் அதைப் படித்துவிட்டு, அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் எவ்வளவு வரி தண்டியது, அதை எதற்குச் செலவிட்டது என்று தணிக்கையாளரின் கண்ணோடு பார்க்கத் தொடங்கியவருக்கு, அதுவரை தாம் மதித்துவந்த ஆட்சியின் கணக்குப் புத்தகம் வேறு விதமாகத் தெரிந்தது. மனமாற்றம் என்றால் ஒரே நொடியில் ஒளி அடித்துக் கீழே விழுவது என்று வேதாகமத்தில் வரும் பவுலின் கதையை வைத்துக் கற்பனை செய்வது வழக்கம். குமரப்பாவுக்கு அது வரவு செலவுப் பட்டியலைக் கூட்டிக் கழித்தபோது வந்தது.

ஊர் திரும்பியதும் அந்த ஆய்வை அச்சில் கொண்டுவர நினைத்தார். காந்தியிடம் காட்டும்படி யாரோ சொல்ல, 1929 மே 9 அன்று சபர்மதி ஆசிரமம் போனார். தங்கக் கொடுத்த அறையில் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தவிர வேறு எதுவும் இல்லை. கோட்டும் சூட்டுமாக வந்தவருக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. சந்திக்கக் குறித்த நேரம் வரை ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார். சாணம் மெழுகிய தரையில், மரத்தடியில், ஒரு முதியவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். நூற்பை அதுவரை பார்த்திராத குமரப்பா, கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றபடியே வேடிக்கை பார்த்தார். நேரம் வந்ததும் முதியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள்தானே குமரப்பா என்று கேட்டார். அப்போதுதான் எதிரில் இருப்பவர் யார் என்பது புரிந்தது. மடிப்புக் கலையாத கால்சட்டையைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு அவரும் தரையில் உட்கார்ந்தார்.

காந்தி ஆய்வைத் தம் ‘யங் இந்தியா’ இதழில் தொடராக வெளியிட ஒப்புக்கொண்டார். கையோடு ஒரு வேலையும் கொடுத்தார்: குஜராத்தில் ஒரு கிராமப் பொருளாதார ஆய்வு. குஜராத்தி தெரியாது என்று சொல்லிப் பார்த்தும் பயனில்லை, துணைக்கு குஜராத் வித்யாபீட மாணவர்கள் வருவார்கள் என்று பதில் வந்தது. இப்படித் தொடங்கியதுதான் கேடா மாவட்டம் மாதர் தாலுகாவின் ஆய்வு. வீடு வீடாகப் போய் நிலம், கால்நடை, கடன், உணவு என்று குடியானவரின் வரவு செலவைப் பதிவு செய்தார்கள். 1931இல் வந்த அந்த அறிக்கை, பெரிய நிறுவனங்களின் பேரேடுகளுக்குப் பழகிய கண், உழவரின் கடன் சீட்டின் மேல் திரும்பியதன் முதல் பலன்.

1930இல் உப்புச் சத்தியாகிரகம் தொடங்கியபோது அவருடைய விசுவாசத்துக்கு உண்மையான சோதனை வந்தது. வருமானம் போனது அவரை அவ்வளவாக உலுக்கியதாகத் தெரியவில்லை. உலுக்கியது சொந்த சபையின் மௌனம். அகிம்சையைப் போதிக்க வந்தவர்கள் சத்தியாகிரகிகள் மீதான தடியடியைக் கண்டும் பேசாமலிருப்பது எப்படி என்று மிஷனரிகளுக்கும் கிறிஸ்தவ ஊழியர்களுக்கும் பகிரங்க வேண்டுகோள் விடுத்தார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் இந்தியத் தலைவரான பேராயர் வெஸ்ட்காட், சட்டமறுப்பு இயேசுவின் போதனைக்குப் பொருந்தாது என்ற நிலை எடுத்தார். குமரப்பா விடவில்லை, வேதாகமத்தை வைத்தே வாதாடினார். வேலை மாறுகிறவருக்கு சபையும் ஜெபக்குழுவும் முதுகில் தட்டிக்கொடுக்கும் என்று பொதுவாக எதிர்பார்ப்பார்கள். இவருக்கு ஆதரவு கிடைத்தது பெரும்பாலும் இந்துக்களிடமிருந்து, கண்டனம் வந்தது பேராயரிடமிருந்து. ‘யங் இந்தியா’ பொறுப்பை ஏற்று எழுதியதற்காக 1931இல் கைதானார். மறு ஆண்டு மீண்டும் சிறை.

தொழிலை விட்டாரே தவிர, தொழிலில் கற்ற கண்டிப்பை அவர் விடவில்லை. 1934 ஜனவரியில் பீகாரைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கத்துக்குப் பிறகு, ராஜேந்திர பிரசாத் நடத்திய நிவாரணப் பணியின் நிதிப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவு நாளுக்கு 3 அணா என்று வரையறுத்தார். அங்கே வந்த காந்தியின் பரிவாரத்துக்கு அதற்கு மேல் செலவானபோது, நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாயிடம் சொல்லிவிட்டார். காந்தியும் அதை ஏற்றுக்கொண்டார். லூக்கா நற்செய்தியில் எஜமான் தன் உக்கிராணக்காரனை அழைத்துக் கணக்கு கேட்கும் உவமை உண்டு. குமரப்பாவுக்கு விசுவாசம் என்பது பெருமளவு இதுதான்: கையில் உள்ளது தன்னுடையது அல்ல, யாரோ ஒருவருக்கு ஒப்புவிக்க வேண்டியது.

பொதுப் பணத்தின் கணக்கில் இந்தக் கண்டிப்பு, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க்காரர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள, சோழன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தல் முறைக்காகவே பேசப்படுகின்றன. அவற்றிலுள்ள கணக்கு விதிகளை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. ஊர்ச் சபையின் குழுவான வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் மறுபடி வாரியம் ஏற முடியாது. நேர்மையாகப் பொருள் ஈட்டியவரே ஊர்க் கணக்கு எழுத வேண்டும். எழுதிய கணக்கை அவரே நேரில் ஒப்புவிக்க வேண்டும், வேறொருவரை வைத்து முடிக்கக் கூடாது. அவர் சுத்தமானவர் என்று சபையாரான பெருங்குறிப் பெருமக்கள் ஏற்கும்வரை மீண்டும் அந்தப் பொறுப்புக்கு வர முடியாது. பீகாரில் குமரப்பா செய்ததற்கும் இதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள் இருக்கின்றன. மதமும் வேறு. ஊர்ப் பணத்தைத் தொடுகிறவரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்.

1934 கடைசியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் உருவானது. வார்தாவின் மகன்வாடியில் அதன் செயலாளராக குமரப்பா அமர்ந்தார். அடுத்த பல ஆண்டுகள் அவருடைய அலுவலகம் ஒரு பட்டறையைப் போலத்தான் இருந்தது. கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, சோப்பு என்று ஒவ்வொன்றையும் செய்து பார்த்து, எதில் எவ்வளவு கூலி நிற்கும் என்று கணக்குப் போட்டார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்ற விளக்கு அங்கே உருவானது. ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி சத்தையும் இழக்கிறது, நெல் குத்தும் பெண்களின் கூலியையும் பறிக்கிறது என்று குமரப்பா விடாமல் எழுதினார். நெல் விளையும் காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் இன்று கைக்குத்தல் அரிசி ஆரோக்கியக் கடைச் சரக்காகிவிட்டது. அதைக் குத்திய கைகளுக்கு வேலை திரும்பவில்லை.

1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தை ஒட்டிக் கிடைத்த சிறைவாசத்தை ஜபல்பூரில் கழித்தார். இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி ஒன்று, நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒன்று என அங்கே இரண்டு நூல்கள் எழுதினார். இரண்டும் 1945இல் காந்தியின் முன்னுரைகளோடு வெளிவந்தன. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முறை. இரண்டாவதில் இயற்கையிலிருந்து எடுத்த ஐந்து வகைப் பொருளாதாரங்களைப் படிவரிசையாக வைக்கிறார்: ஒட்டுண்ணி, கொள்ளை, சொந்த முயற்சி, கூட்டுவாழ்வு, சேவை. உச்சியில் இருக்கும் சேவைக்கு அவர் காட்டும் சான்று, கைம்மாறு பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை. முதல் நூலில் இயேசுவிடம் அவர் காண்பதும் அதே குணம்தான். சடங்கையும் கோட்பாட்டையும் பற்றி அவருக்கு அக்கறை குறைவு. சபைக் கிறிஸ்தவர்கள் பலருக்கு இது இன்றும் உறுத்தும்.

அவரை முன்மாதிரியாகக் காட்டி வேலையை விடத் துணிகிறவர்கள் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். குமரப்பா மணம் செய்துகொள்ளவில்லை. எங்கே போனாலும் விலைபோகும் தொழிற்கல்வி கையில் இருந்தது. சகோதரர்கள் நல்ல நிலையில் இருந்தார்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கடன் தவணையும் தோளில் உள்ளவருக்கு இதே முடிவு வேறு எடை கொண்டது. அவரும் எதையும் இழக்காமல் தப்பவில்லை. இரத்த அழுத்தம் அவரைப் பல ஆண்டுகள் வாட்டியது. 1938இல் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் ஒத்துப்போக முடியாமல் விலகினார். சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினாலும், நேருவின் ஆட்சி போன பாதையில் அவருக்கு இடமில்லை.

கிராமப் பணிக்கு வந்த இந்த மாற்றம் குமரப்பா ஒருவரோடு நிற்கவுமில்லை. தம்பி பரதன் குமரப்பா தத்துவம் படித்தவர், இராமாநுஜரின் இறைக்கொள்கை பற்றி நூல் எழுதிய கிறிஸ்தவர். அவரும் மகன்வாடிக்கு வந்து கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வேலைகளைப் பகிர்ந்துகொண்டார்.

1950களில் குமரப்பா மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். 1960 ஜனவரி 30 அன்று சென்னையில் காலமானார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, ‘சிறியதே அழகு’ என்ற நூலில் பொருளியலாளர் ஷூமாக்கர், உடலுக்கு உணவு எப்படியோ அப்படியே மனிதனின் உயர்ந்த ஆற்றல்களுக்கு வேலை என்ற கருத்தை குமரப்பாவிடமிருந்து எடுத்தாண்டார். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தமிழ்க் கிறிஸ்தவரின் கருத்து அங்கே இடம்பெற்ற கட்டுரையின் தலைப்பு பௌத்தப் பொருளியல்.