பித்ராத் தீவும் ஜுமுஆவின் நாற்பதும்

வெள்ளிக்கிழமையன்று நீங்கள் செல்லும் பள்ளியில் ஜுமுஆவுக்கு நாற்பது பேர் சேர்ந்தனரா என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? நம் ஊர்களில் அதற்குத் தேவையே எழுவதில்லை. ஆயினும், அந்த எண்ணிக்கையை நினைவிற்கொள்ள வேண்டிய ஒரு சின்னஞ்சிறு தீவு அரபிக்கடலில் உண்டு.

லட்சத்தீவுகளில் மக்கள் வாழும் தீவுகளுள் மிகச் சிறியது பித்ரா. கொச்சியிலிருந்து ஏறத்தாழ 480 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. 1956 வரை அது நம் சென்னை மாகாணத்துத் தென்கன்னட மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதன் நீளம் அரைக் கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். பரப்பு சுமார் 26 ஏக்கர். ஆனால் பவளப்பாறை வளையத்தினுள் அடங்கிய காயலோ 45 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கிறது! கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைக் கொண்டு கூடு கட்டி மடிய, அக்கூடுகள் அடுக்கடுக்காய் உயர்ந்து பாறையாகி, அலைகளால் நொறுங்கி மணலாகிக் குவிந்ததே இந்நிலம். இம்மணலில் இறங்கும் மழைநீர், கனத்த உவர்நீரின் மீது மிதந்து நின்று குடிநீராகிறது. வல்லோன் அல்லாஹ்வின் ஏற்பாட்டை என்னென்பது! அர்-ரஹ்மான் அத்தியாயத்தில் வரும் மர்ஜான் என்ற சொல்லுக்குப் பவளம் என்று பொருள் கொள்வோர் பலர். சிறுமுத்து என்று விளக்கிய விரிவுரையாளர்களும் உளர்.

இத்தீவில் அரபு நாட்டுப் பெரியார் மலிக் முல்லா அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்புகின்றனர். அவ்விடத்தைத் தரிசிக்க அண்டைத் தீவினர் கடல் கடந்து வருவர். ஜியாரத் குறித்து நம்மிடையே நிலவும் கருத்து வேற்றுமைகளை இங்குக் கிளற நான் விரும்பவில்லை. முன்பு கடற்பறவைகள் குஞ்சு பொரிக்கும் மணல்மேடாகவே இருந்த இத்தீவில், 1945-ஆம் ஆண்டில் செட்லத் தீவைச் சேர்ந்த ஒரு பெண்மணியும் அவருடைய மகனும் முதன்முதலாக நிலையாகக் குடியேறினர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தொகை 271.

தீவினர் நம் கடற்கரையூர்க்காரர் பலரைப் போன்றே ஷாஃபிஈ மத்ஹபினர். அம்மத்ஹபின் வலுவான சொற்படி, பருவமடைந்த, அவ்வூரையே நிரந்தர இருப்பிடமாகக் கொண்ட நாற்பது ஆண்கள் இருந்தால்தான் ஜுமுஆ நிறைவேறும். அலுவலின் பொருட்டு வந்து தங்குவோர் தொழலாம். ஆனால் நாற்பதில் எண்ணப்படார். தாயும் மகனுமாகத் தொடங்கிய ஊர் அந்த எண்ணிக்கையை எட்டியதென்றால், அது எளிய காரியமா?

2025 ஜூலையில், பாதுகாப்புத் துறையின் தேவைக்காகப் பித்ராவின் நிலம் முழுவதையும் கையகப்படுத்துவது பற்றிச் சமூகத் தாக்க ஆய்வு நடத்தும் அறிவிப்பை லட்சத்தீவு நிர்வாகம் வெளியிட்டது. தீவினரும் அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் அதனை எதிர்த்தனர். நாட்டின் எல்லைக் காவல் இன்றியமையாதது; அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுக்குச் செல்லும் அதிகாரிகள் வீடுகளையும் தென்னைகளையும் அளப்பர்; இந்த நாற்பதை எந்தப் பத்தியில் எழுதுவர்? குடிகள் அகன்றபின் நானூறு வீரர்கள் அங்கே தங்கினாலும், அவர்கள் அவ்வூரார் ஆகார். பள்ளிவாசலோ, மத்ஹபின் சட்டப்படி, இடிந்து பாழானாலும் பள்ளிவாசலே. அதை விற்கவும் இயலாது, வேறொன்றாக மாற்றவும் இயலாது.