வெண்குளோவர்: புல்லின் உற்ற துணை

நம் வீடுகளிலே தேநீருக்குக் கலக்கும் பால்மாவில் ஒரு பெரும்பங்கு நியூசிலாந்திலிருந்து வருகிறது. அந்நாட்டுப் பாலின் பெருக்கத்துக்குப் புல்லே காரணம் என்பர். அப்புல்லுக்கு உணவூட்டி நின்ற சிறு செடியை அறிந்தவர் சிலரே. மூன்று இலைகளும் வெண்ணிறப் பூக்கொத்தும் கொண்டு தரையோடு படரும் வெண்குளோவரே அது.

வளிமண்டலத்தில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். ஆயினும் கடல் நடுவே தாகித்து நிற்பவனைப் போலப் புல் அதனைப் பயன்படுத்த இயலாது. குளோவரின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியா அதனைத் தாவர உணவாக மாற்றுகிறது. அதற்குக் கூலியாகச் செடியிடம் வெல்லம் பெறுகிறது. இவ்வுண்மையை 1886ஆம் ஆண்டிலே ஜேர்மனிய அறிஞர் ஹெல்றீகல் வெளியிட்டார். 1888இல் ஒல்லாந்தரான பெயரிங்க் அப்பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார்.

இந்நைதரசன் புல்லை அடையும் வழி விந்தையானது. குளோவரை மேயும் பசுவின் சாணமும் சிறுநீரும் அதனை நிலத்துக்குத் திருப்புகின்றன. உக்கும் வேர்களும் உதவுகின்றன. ஆகவே மேயும் மாடே உரமிடும் உழவனுமாகிறது.

இச்செடி தன் பணியைச் செய்யச் சில தேவைகள் உண்டு. விதை மிகச் சிறியது. ஆழ விதைத்தால் முளையாது. மண்ணிற் பொசுபரசு வேண்டும். புளிப்பு மிகுந்த நிலத்துக்குச் சுண்ணாம்பு வேண்டும். புல் உயர்ந்து நிழல் செய்தால் குளோவர் நலியும். அளவாக மேயவிட்டால் தண்டு கணுதோறும் வேரூன்றிப் பரவும். ஆனால் பசித்த மாட்டைத் தனிக் குளோவரில் விடலாகாது. இரைப்பையில் நுரை திரண்டு, வாயு வெளியேறாது வயிறு ஊதி, மாடு இறக்கவும் கூடும். புல்லே மிகுதியாகவும் குளோவர் துணையாகவும் இருப்பதே முறை.

குடியேறிய ஐரோப்பியர் இதனை நியூசிலாந்துக்குக் கொண்டுசென்றனர். 1949 முதல் மலைச்சரிவுகளுக்கு விமானத்திலிருந்து பொசுபேற்று உரம் தூவப்பட்டபோது, அங்கும் குளோவர் செழித்தது. 1990களின் பின்னர் பாற்பண்ணைகளில் யூரியாவின் ஆட்சி ஓங்கியது. உரத்தால் விரைந்து வளர்ந்த புல் குளோவரை நிழலில் ஆழ்த்தியது. அதே காலத்தில், 1996இல், வேர்முடிச்சைத் தின்னும் கூன்வண்டு ஒன்று வைக்காட்டோப் பகுதியிற் காணப்பட்டது. அதனை அடக்க 2006இல் அயர்லாந்திலிருந்து பெற்ற ஒட்டுண்ணிக் குளவி விடப்பட்டது.

மிகுந்த நைதரசன் நைத்திரேற்றாகி நிலத்தடி நீரிற் கலக்கிறது. குளோவர் தந்ததும் மாட்டின் சிறுநீர் வழியே கசியலாம். எனினும், மண்ணில் நைதரசன் மிகும்போது குளோவர் தன் உற்பத்தியைத் தானே சுருக்கிக்கொள்ளும். மூடையிலுள்ள உரத்துக்கு அவ்வடக்கம் இல்லை. அதனாலேயே மேய்ச்சல் நிலத்தில் ஓர் எக்டேயருக்கு ஆண்டொன்றுக்கு 190 கிலோவுக்கு மேல் செயற்கை நைதரசன் இடலாகாதென அந்நாட்டரசு செய்த சட்டம் 2021இல் நடைமுறைக்கு வந்தது.

குளோவர் குளிர்நிலச் செடி. நமது வரண்ட வடபுலத்துக்கு ஏற்றதன்று. ஆயினும் நாம் விதைக்கும் பயறும் உழுந்தும் சணலும் அதன் உறவினங்களே. பூக்கும் பருவத்திலே ஒரு பயற்றஞ்செடியை மெல்லக் கிளறியெடுத்து, வேர்முடிச்சொன்றைப் பிளந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாயின், அம்முடிச்சு உழைத்துக்கொண்டிருக்கிறது என்பது பொருள். அச்செடிகளை நிலத்திலேயே மடக்கி உழுபவன், காசு கொடாது பெற்ற உரத்தை அடுத்த போகத்துக்குச் சேமிப்பவனாவான்.