காலேஜ் வாசலோடு நின்றுவிடாதீர்கள்! உள்ளே நடப்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வழி

காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. சரித்திரத்தில் பெயர் பெற்ற ஊர்.

1780-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ந்தேதி அங்கே ஒரு பெரிய சண்டை நடந்தது. மைசூர் ஐதர் அலியும் அவருடைய மகன் திப்புவும் ஒரு பக்கம். கர்னல் பெய்லியின் தலைமையில் வந்த கம்பெனிப் படை மறு பக்கம்.

பெய்லிக்கு உதவ வேண்டிய பெரிய படை எங்கேயோ தூர தேசத்தில் இல்லை. காஞ்சிபுரத்தில்தான் இருந்தது. அதன் தளபதி மன்றோ. ஆனாலும் அந்தப் பெரிய படை உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. பெய்லியின் படை அழிந்தது. பெய்லி கைதியாகி ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். 1782-ல் சிறையிலேயே இறந்தார்.

பக்கத்து ஊரில் படை இருந்தும் பலன் இல்லை!

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு என்று கேட்கிறீர்களா?

புள்ளலூரில் இருக்கும் அப்பா-அம்மாவுக்கும், காஞ்சிபுரம் காலேஜில் படிக்கும் பிள்ளைக்கும் நடுவிலும் அதே தூரம்தான். பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால், பிள்ளைக்கு அங்கே ஒரு கஷ்டம் வந்தால் அது வீட்டுக்கு எப்போது தெரிகிறது? பல வீடுகளில், காரியம் கெட்ட பிறகுதான்!

பள்ளிக்கூடம் வேறு, காலேஜ் வேறு

பள்ளிக்கூடத்தில் பிள்ளை படித்தபோது இந்தக் கவலை இல்லை. வாத்தியார் தெரிந்தவர். வழியில் பார்த்தால், "உங்கள் பையன் கணக்கில் கொஞ்சம் மட்டம்" என்று அவரே சொல்லிவிடுவார். மார்க் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். பெற்றோர்-ஆசிரியர் கூட்டம் உண்டு.

ஊரார் பள்ளிக்கூடத்துக்குள் உரிமையோடு நுழையும் வழக்கத்தை நம் மாநிலத்தில் பெரிதாக வளர்த்தவர், நெ. து. சுந்தரவடிவேலு. அவர் இதே காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர். நெய்யாடுபாக்கம் என்ற கிராமத்தில் 1912-ல் பிறந்தவர். காமராஜர் முதல்-மந்திரியாக இருந்தபோது பள்ளிக் கல்வித்துறையின் தலைவராக இருந்தார்.

1958-ல் அவர் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். முதல் மாநாடு கடம்பத்தூரில் நடந்தது. ஊர் மக்கள் கூடினார்கள். பள்ளிக்கு என்ன குறை என்று கேட்டார்கள். தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். "இது நம்ம பள்ளிக்கூடம்" என்ற எண்ணம் வந்தது.

காலேஜில்? பிள்ளையைச் சேர்க்கும் நாளில் அப்பா உள்ளே போகிறார். அடுத்து அவர் போவது, பட்டமளிப்பு விழாவுக்குத்தான். நடுவில் 3 ஆண்டுகள்! அந்த 3 ஆண்டுகளில் நடப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

குற்றம் பெற்றோர் மேல் இல்லை. தாங்கள் போகாத இடத்தைப் பற்றி என்ன கேட்பது? எப்படிக் கேட்பது? அந்தக் கூச்சம்தான் காரணம். கூச்சத்தை விடுங்கள். விஷயம் சுலபமானது.

செமஸ்டர் என்றால் என்ன?

பள்ளியில் ஆண்டுக்கு ஒரு முழுப் பரீட்சை. காலேஜில் ஆண்டை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாதிக்கும் செமஸ்டர் என்று பெயர். பெரும்பாலும் ஆனி, ஆடியில் தொடங்குவது ஐப்பசி, கார்த்திகையில் முடியும். மார்கழியில் தொடங்குவது சித்திரையில் முடியும். மூன்று வருஷப் படிப்பு என்றால் ஆறு செமஸ்டர்.

ஒவ்வொரு செமஸ்டருக்கும் இரண்டு வகை மார்க். காலேஜுக்குள்ளேயே வைக்கும் சிறு தேர்வுகளுக்கும் வீட்டுப் பாடங்களுக்கும் கொடுப்பது 'இன்டர்னல்'. கடைசியில் எழுதுவது பல்கலைக்கழகப் பரீட்சை. பல கல்லூரிகளில் இன்டர்னலுக்கு 25, பரீட்சைக்கு 75.

ஒரு பாடத்தில் தவறினால் அதற்கு 'அரியர்' என்று பெயர். அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். ஆகவே, அரியர் என்றதும் படிப்பே போய்விட்டது என்று தலையில் கைவைத்து உட்கார வேண்டாம். அதே சமயம், அரியர் மேல் அரியராகச் சேரவும் விடக்கூடாது. கடன் மாதிரிதான்! ஒன்று இருந்தால் அடைத்துவிடலாம். பத்து சேர்ந்தால் மூச்சு முட்டும்.

75 என்ற எண்

பெற்றோர் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டிய எண் ஒன்று உண்டு. அது 75.

நூற்றுக்கு 75 நாளாவது வகுப்புக்குப் போயிருந்தால்தான் பரீட்சை எழுதலாம். இது பொது விதி. ஒரு செமஸ்டரில் 90 வேலை நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 68 நாட்கள் போயிருக்க வேண்டும். 22 நாளுக்கு மேல் லீவு போட்டால் ஆபத்து.

22 நாள் நிறைய என்று தோன்றும். கணக்குப் பாருங்கள்! நாற்று நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று 4 நாள். அக்காள் கல்யாணத்துக்கு 5 நாள். ஊர்த் திருவிழாவுக்கு 4 நாள். காய்ச்சலில் 6 நாள். பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக 2 நாள். பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியது 2 நாள். மொத்தம் 23. தீர்ந்தது!

இதில் எதுவும் கெட்ட காரியம் இல்லை. பிள்ளை ஊர் சுற்றவில்லை. வீட்டுக்குத்தான் உதவி செய்தான். ஆனால், பரீட்சை எழுத அனுமதிச் சீட்டு வராது. வீட்டார் விதியை அறிந்திருந்தால் நடவுக்கு வேறு ஏற்பாடு செய்திருப்பார்கள் அல்லவா?

உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் சர்ட்டிபிகேட்டை உடனே கொடுத்து வைக்க வேண்டும். குறைவு கொஞ்சமாக இருந்தால் அபராதம் கட்டி அனுமதி பெறவும் பல பல்கலைக்கழகங்களில் வழி உண்டு. ஆனால், அதற்கும் தேதி இருக்கிறது. தேதி தாண்டினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

சின்னப் புத்தகம், பெரிய உபயோகம்

இந்தத் தேதிகளை எல்லாம் எங்கே பார்ப்பது?

பல காலேஜ்களில் ஆண்டின் தொடக்கத்தில் மாணவருக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கிறார்கள். 'ஹேண்ட்புக்' என்றும் 'காலண்டர்' என்றும் சொல்வார்கள். வேலை நாள், விடுமுறை நாள், தேர்வு நாள், பணம் கட்டும் நாள், ஒழுங்கு விதிகள் எல்லாம் அதில் இருக்கும். இப்போது சில இடங்களில் அதைப் புத்தகமாகத் தராமல் செல்போனில் அனுப்பிவிடுகிறார்கள். எப்படி வந்தாலும் கேட்டு வாங்குங்கள்.

அது இங்கிலீஷில் இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை உட்கார வைத்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முக்கியமான தேதிகளை வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் பேனாவால் குறித்து வையுங்கள். கல்யாணத்துக்கு முகூர்த்த நாள் பார்க்கும்போது, பரீட்சை நாளும் கண்ணில் படும்!

கேம்ப், விழா, டூர்

"அம்மா, 7 நாள் கேம்ப்" என்று மகள் வந்து சொல்கிறாள். வீட்டில் குழப்பம். "வயசுப் பெண்ணை ஒரு வாரம் வெளியில் விடுவதா?" என்று கேட்கிறார்கள். அவள் போவதில்லை.

அந்தக் கேம்ப் என்ன? நாட்டு நலப்பணித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. என்.எஸ்.எஸ். என்பார்கள். காந்தியடிகள் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-ந்தேதி தொடங்கியது. அதில் சேர்ந்த மாணவர்கள் ஒரு கிராமத்தில் 7 நாள் வேலை செய்வார்கள். தெருவைச் சுத்தம் செய்வது, மரக்கன்று நடுவது, மருத்துவ முகாமுக்கு உதவுவது இப்படி. பொறுப்பான ஆசிரியர் கூடவே இருப்பார். நாலு பேர் முன்னால் பேசும் தைரியம் அங்கேதான் வருகிறது.

என்.சி.சி.யும் அப்படித்தான். அதில் பெறும் 'சி' சர்ட்டிபிகேட், ராணுவ வேலைக்குப் போகிறவர்களுக்குக் கைகொடுக்கும்.

விளையாட்டு விழா, பொங்கல் விழா, ஆண்டு விழா, தொழிற்சாலைகளைப் பார்க்கப் போகும் டூர் என்று இன்னும் பல உண்டு. எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' என்று சொல்லாதீர்கள். எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'சரி' என்றும் சொல்லாதீர்கள். ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

எந்த இடம்? கூட வரும் ஆசிரியர் யார்? எப்போது திரும்புவீர்கள்? செலவு எவ்வளவு? காலேஜ் கொடுத்த கடிதம் எங்கே?

இந்த ஐந்துக்கும் சரியான பதில் வந்தால் சந்தோஷமாக அனுப்பி வையுங்கள்.

பணம் வரும் வழி

தகவல் தெரியாததால் பிள்ளைகள் பணத்தையும் இழக்கிறார்கள்.

அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படித்த பெண்கள் மேலே படிப்பதற்காக, 2022 செப்டம்பர் 5-ந்தேதி 'புதுமைப்பெண்' திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் மாணவியின் பாங்கிக் கணக்கில் போடும் திட்டம் அது. ஆண் பிள்ளைகளுக்கு 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில் வந்தது. இவை தவிர ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் பிள்ளைகளுக்குத் தனி உதவித்தொகைகள் உண்டு.

இவை தாமாக வீடு தேடி வருவதில்லை. விண்ணப்பம் காலேஜ் வழியாகப் போக வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, பாங்கிப் புத்தகம், ஆதார் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். இந்த ஆண்டு என்ன விதி, கடைசித் தேதி எது என்று ஆபீசிலேயே நேரில் கேட்டுவிடுங்கள்.

ராகிங் கொடுமை

1996 நவம்பரில் தமிழ்நாட்டையே உலுக்கிய சம்பவம் ஒன்று நடந்தது. சிதம்பரத்தில் படித்த முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்டார். அதன் பிறகு ராகிங்கைத் தடை செய்ய 1997-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. குற்றவாளிக்கு 2 ஆண்டு வரை சிறை. 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் நாடு முழுவதுக்கும் விதி செய்தது. சேரும்போது மாணவர் மட்டும் அல்ல, பெற்றோரும் உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்றது. புதிய மாணவருக்கு ஓர் அச்சிட்ட தாள் தர வேண்டும் என்றது. உதவிக்கு யாரிடம் போவது, அவர்கள் டெலிபோன் நம்பர் என்ன, புதியவர்களுக்காக என்னென்ன நிகழ்ச்சிகள் நடக்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

இரவு பகல் எந்த நேரமும் கூப்பிட ஒரு நம்பர் இருக்கிறது: 1800-180-5522. காசு கிடையாது.

லீவில் வந்த பிள்ளை திரும்பிப் போக மறுக்கிறானா? காரணம் சொல்லாமல் அழுகிறானா? "சோம்பேறி" என்று திட்டி அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

நம்பர் யாருடையது?

இப்போது பல காலேஜ்களில், மாணவர் வராத நாளில் வீட்டுக்குச் செல்போனில் செய்தி அனுப்புகிறார்கள். வாட்ஸ்அப் குழுவும் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு!

ஆனால், அந்தச் செய்தி யாருக்குப் போகிறது? அப்பாவின் நம்பர் என்று சொல்லி நண்பனின் நம்பரை எழுதிக்கொடுக்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்! ஆகவே, சேர்க்கும் நாளில் விண்ணப்பத்தில் உங்கள் நம்பரை நீங்களே சரிபாருங்கள். போன் மாற்றினால் புது நம்பரைத் தெரிவியுங்கள்.

வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவர் பெயரையும் நம்பரையும் தெரிந்துகொள்ளுங்கள். செமஸ்டருக்கு ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். அப்பா வேலைக்குப் போனால் அம்மா போகலாம். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த தாய் என்றாலும் தயங்க வேண்டாம். "என் பெண் எப்படிப் படிக்கிறாள்?" என்று தமிழில் கேட்டால் போதும். பதில் சொல்வது அவர்கள் கடமை.

வேவு பார்க்காதீர்கள்

ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. 18 வயது ஆன பிள்ளை பெரிய மனிதன். தகவல் தெரிந்துகொள்வது வேறு; வேவு பார்ப்பது வேறு. பையைச் சோதிப்பது, போனைப் பிடுங்குவது, நண்பர்களை விசாரிப்பது எல்லாம் பிள்ளையைப் பொய் சொல்லத்தான் பழக்கும்.

முக்கியமாகப் பெண் பிள்ளைகள். "சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்" என்ற பயத்தால்தான் அவர்கள் பல கஷ்டங்களை வீட்டில் மறைக்கிறார்கள். "என்ன நடந்தாலும் சொல், படிப்பை நிறுத்த மாட்டோம்" என்று முதல் நாளே வாக்குக் கொடுங்கள். அதைக் காப்பாற்றுங்கள்.

காலேஜ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் வைத்தால் கூலிக்காரர் எப்படி வருவார்? ஒரு நாள் கூலி போய்விடுமே! ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். செய்தியை இங்கிலீஷில் அனுப்பினால் யார் படிப்பார்கள்? தமிழில் அனுப்புங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரலில் பேசி அனுப்புங்கள். கூட்டத்துக்கு வந்தவரை உட்கார வைத்துப் பேசுங்கள்.

ஒரு வீட்டிலிருந்து முதன்முதலாக ஒரு பிள்ளை காலேஜுக்குப் போகிறது என்றால், அதற்குப் பின்னால் விற்ற ஆடு இருக்கும். அடகு வைத்த கம்மல் இருக்கும். இவ்வளவையும் கொடுத்தவர்களுக்கு, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா?

பெற்றோர்களே! இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை வீட்டில்தான் இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த மாதம் உங்கள் காலேஜில் என்னென்ன நடக்கப் போகிறது?"

பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். நடுவில் திட்டாதீர்கள்.