பழைய ஸ்டோன்வேர் வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள்

இங்கிலாந்தின் பழைய பொருள் கடைகளில் கனமான தட்டுகள், கெண்டிகள் அடிக்கடி கண்ணில் படும். அவற்றில் டென்பி என்ற பெயர் இருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். டெர்பிஷரில் 1809-இல் தொடங்கிய இந்த நிறுவனம், ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுட்டுக் கல்லாக இறுகிய மண்பாண்டம்) செய்வதில் பேர்போனது.

ஸ்டோன்வேர்தானா என்று எப்படித் தெரியும்? விளக்கின் முன் பிடியுங்கள். மெல்லிய போர்சலினில் வெளிச்சம் ஊடுருவும், ஸ்டோன்வேரில் ஊடுருவாது. பிறகு திருப்பி, பூச்சில்லாத அடி வளையத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். குறைந்த சூட்டில் சுட்ட மண் சீக்கிரம் உறிஞ்சிவிடும். ஸ்டோன்வேரில் நீர் அப்படியே நிற்கும்.

எந்தக் காலத்தது? அடி முத்திரையைப் படியுங்கள். ‘டிஷ்வாஷர்’, ‘மைக்ரோவேவ்’ என்ற சொற்கள் இருந்தால் அது அவ்வளவு பழசில்லை. 1960-களில் டென்பிக்காக ஜில் பெம்பர்டன் வடிவமைத்த ‘அராபெஸ்க்’ வரிசையைக் கரும்பழுப்பின் மேல் கையால் தீட்டிய சிவப்பு, மஞ்சள் பூவேலை காட்டிக்கொடுக்கும். முத்திரை இல்லையே என்கிறீர்களா? அதனாலேயே போலி என்று தள்ளிவிடாதீர்கள். மூடிகளிலும் சிறு கிண்ணங்களிலும் முத்திரை இல்லாமல் இருப்பதுண்டு.

என்ன விலை கொடுக்கலாம்? விற்பவர் கேட்கும் விலையை நம்ப வேண்டாம். அதே பொருள் முன்பு எவ்வளவுக்கு விற்றுப்போனது என்று பாருங்கள். சாப்பாட்டுத் தட்டுகள் நிறையக் கிடைக்கும், அதனால் விலை குறைவு. மூடியோடு முழுசாக இருக்கும் தேநீர்க் கெண்டிக்குத்தான் கிராக்கி. விளிம்பில் விரலை ஓட்டினால் சில்லு தட்டுப்படும். விரல் மூட்டால் தட்டுங்கள்: கணீரென்றால் நல்லது, மங்கலாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கலாம்.

தட்டில் சாம்பல் நிறக் கோடுகள் தெரிகின்றனவா? பெரும்பாலும் அவை கத்தியும் முள்கரண்டியும் விட்டுச்சென்ற உலோகத் தடம். நகத்தால் வருடுங்கள். நகம் சிக்காவிட்டால், மென்மையான துலக்கும் பசையிலேயே போய்விடும். சிக்கினால் அது உண்மையான கீறல். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இதில் சாப்பிடலாமா? சில பழைய பாத்திரங்களின் கிளேஸில் (சூளையில் உருகிக் கண்ணாடி போல் படியும் பூச்சு) ஈயம் இருக்கும். பூச்சு தேய்ந்தோ வெடித்தோ இருந்தால், புளிக்குழம்பு, ரசம், ஊறுகாய் போன்ற புளிப்புப் பண்டங்கள் அந்த ஈயத்தை இழுத்துவிடும். அது குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். ஆய்வகச் சோதனைதான் உறுதியான பதில் தரும். சோதிக்காத பாத்திரத்தை அலமாரியில் அழகுக்கு வையுங்கள், அடுப்பங்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பழசு என்பதற்காக மட்டும் எதற்கும் விலை ஏறாது. சில்லு விட்ட முழு செட்டைவிட, பழுதில்லாத ஒரே கெண்டியை வாங்குவதே மேல்.