1-1 என ஸ்கோர் சமன்… ஆனாலும் ரீத்திகா ஹூடா தோற்றது எப்படி?

2024 ஆகஸ்ட் 10, பாரிஸ் ஒலிம்பிக். மகளிர் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தின் 76 கிலோ பிரிவு காலிறுதி. ஆறு நிமிடங்கள் முடிந்தபோது ஸ்கோர் 1-1. ஆனால், நடுவர் உயர்த்தியது கிர்கிஸ்தானின் ஐபெரி மெடெட் கிஸியின் கையை. இந்தியாவின் ரீத்திகா ஹூடா அவுட்! மல்யுத்தத்தை எப்போதாவது மட்டும் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். டை ஆன மேட்ச்ல எப்படிங்க ஒருத்தர் தோற்க முடியும்?

ஹரியானாவின் ரோத்தக்கைச் சேர்ந்த ரீத்திகாவுக்கு அப்போது வயது 21தான். பெண்கள் மல்யுத்தத்தில் அதிகபட்ச எடைப் பிரிவு இந்த 76 கிலோ. இதில் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியர் அவர். முதல் சுற்றில் ஹங்கேரியின் பெர்னாடெட் நாகியை 12-2 என்று ஊதித்தள்ளினார். 10 புள்ளி முன்னிலை கிடைத்தாலே ஆட்டம் முடிந்துவிடும் என்பதால், அந்தப் போட்டி ஆறு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அடுத்து எதிரே வந்தவர்தான் போட்டியின் முதல்நிலை வீராங்கனை மெடெட் கிஸி.

பிடிக்காமலே வந்த புள்ளிகள்

அந்த 1-1 இருக்கிறதே, அதில் ஒரு புள்ளிகூட எதிராளியைப் பிடித்து வீழ்த்தி எடுத்ததல்ல. ஒருவர் தாக்காமல் தற்காத்துக்கொண்டே இருந்தால், நடுவர் முதலில் எச்சரிப்பார். அப்புறமும் மாறவில்லையென்றால் 30 விநாடி கெடு. அதற்குள் அவர் புள்ளி எடுத்தாகணும். இருவருமே எடுக்காவிட்டால், எதிராளிக்கு ஒரு புள்ளி இலவசம். முதல் பாதியில் இப்படி ரீத்திகாவுக்கு ஒன்று, இரண்டாம் பாதியில் மெடெட் கிஸிக்கு ஒன்று.

அவ்வளவு தயக்கம் ஏன்? ஹெவிவெயிட்டில் காலைப் பிடிக்கப் பாய்ந்து குறி தவறினால், எதிராளியின் மொத்த எடையும் முதுகில் இறங்கும். அங்கிருந்து மீள்வதற்குள் இரண்டு புள்ளி போய்விடும். அதனால் பெரிய ஆட்டங்களில் பிடியைவிடப் பொறுமைதான் அதிகம் தெரியும்.

ஸ்கோர் சமனானால் ஓவர்டைம் கிடையாது. பெரிய மதிப்புள்ள பிடி யாருடையது என்று முதலில் பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால், குறைவான எச்சரிக்கை பெற்றவர் யார்? அதுவும் சமம் என்றால், கடைசிப் புள்ளியை எடுத்தவருக்கே வெற்றி. ரீத்திகா புள்ளி எடுத்தது முதலில். அதுதான் வினையாகிப் போனது.

2019 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டியை பவுண்டரி கணக்கு வைத்து முடித்தது ஞாபகம் வருகிறதா? அந்த அளவுக்கு இது அநியாயம் இல்லை. 1-1 ஆன நொடியே யார் முன்னிலை என்பது இருவருக்கும் தெரியும். மீதி நேரத்தில் பாய வேண்டியது யார் என்பதும் தெரியும். இந்த விதி இல்லாவிட்டால் இருவரும் கையைக் கோத்தபடி நேரத்தை ஓட்டிவிடுவார்கள். ஆனால், இரண்டு இலவசப் புள்ளிகளின் வரிசை ஒரு ஒலிம்பிக் கனவைத் தீர்மானிப்பது உறுத்தத்தான் செய்கிறது.

இன்னொரு கதவும் மூடியது

ரீத்திகாவுக்கு ரெபசாஜ் என்ற வழி பாக்கி இருந்தது. இறுதிப் போட்டிக்குப் போகிறவரிடம் தோற்றவர்களுக்கு மட்டும் வெண்கலத்துக்கான இன்னொரு வாய்ப்பு. ஆக, தன்னை வீழ்த்திய மெடெட் கிஸி அரையிறுதியில் ஜெயிக்க வேண்டும் என்று ரீத்திகா காத்திருக்க வேண்டிய நிலை. அவரோ அமெரிக்காவின் கென்னடி பிளேட்ஸிடம் 6-8 என்று தோற்றார். இதே பிளேட்ஸைத்தான் 2023-ல் டிரானாவில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் உலக சாம்பியன்ஷிப் இறுதியில் ரீத்திகா 9-2 என்று வென்று தங்கம் எடுத்திருந்தார். பாரிஸில் பிளேட்ஸ் வெள்ளியோடு திரும்பினார். தங்கம் ஜப்பானின் யுகா ககாமிக்கு.

வினேஷ் போகத்தின் 100 கிராம் விவகாரம் நாட்டையே உலுக்கிய அதே வாரம் என்பதால், இந்தத் தோல்வி பெரிதாகப் பேசப்படவே இல்லை.

2025 மார்ச், அம்மான் நகரில் ஆசிய சாம்பியன்ஷிப். இறுதிப் போட்டியில் மீண்டும் ரீத்திகாவும் மெடெட் கிஸியும். இந்த முறை டை ஆகவில்லை. ரீத்திகா 6, மெடெட் கிஸி 7.