பள்ளி ஒரு கையில், நிலம் மறு கையில்: பேராக் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளும் கூட்டாட்சி அதிகாரப் பகிர்வும்

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மொழிக் கொள்கையிலிருந்தே தொடங்குகின்றன. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை, 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், அதன் இடத்திற்கு வந்த 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆகியவை மீண்டும் மீண்டும் அலசப்பட்டுள்ளன. ஆனால் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் அவருடைய முதற் கவலை யாது என வினவினால், விடை பெரும்பாலும் மொழியைப் பற்றியதாக இராது. கூரை பழுதடைந்துள்ளது, புதிய கட்டடம் வேண்டும், பள்ளி நிற்கும் நிலமோ பள்ளிக்கு உரியதன்று என்பதே அவர் கூறும் விடையாக இருக்கும். இந்நிலையை விளங்கிக்கொள்ளக் கல்விச் சட்டத்தை மட்டும் படித்தல் போதாது. கூட்டரசுக்கும் மாநிலத்திற்கும் இடையே அதிகாரம் எவ்வாறு பகிரப்பட்டுள்ளது என்பதையும் படித்தாக வேண்டும். அப்பகிர்வைப் பேராக்கின் வழியாக விளக்க முற்படுகிறோம்.

பேராக்கின் பழைய வழக்கு

கூட்டரசின் மையம் வலுப்பெறுவது குறித்த மனக்குறை பேராக்கிற்குப் புதியதன்று. 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையால் பிரித்தானிய ஆலோசகரை ஏற்றுக்கொண்ட இம்மாநிலம், 1895ஆம் ஆண்டு சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவற்றோடு ஒரு கூட்டமைப்பில் இணைந்தது. தலைநகர் கோலாலம்பூராயிற்று. எட்டே ஆண்டுகளில், அதாவது 1903ஆம் ஆண்டு கோலாலம்பூரில் கூடிய ஆட்சியாளர் பேரவையில், பேராக் சுல்தான் இத்ரிஸ், ஒவ்வொரு மாநிலத்தின் நிருவாகமும் அதனதன் அதிகாரிகளிடமே இருத்தல் வேண்டும் என்னும் விருப்பத்தை வெளிப்படையாகவே தெரிவித்தார். கூட்டமைப்பு என்ற பெயரில் அதிகாரம் ஒரே இடத்திற்குச் செல்வதை அவர் கண்டிருந்தார்.

அவ்வரலாற்றின் சுவடு இன்றும் உள்ளது. ஜொகூர், கெடா, கிளந்தான், திரெங்கானு ஆகிய மாநிலங்கள் தமக்கெனத் தனி நிருவாகச் சேவையைக் கொண்டுள்ளன. அன்றைய கூட்டமைப்பில் இருந்த நான்கு மாநிலங்களிலோ உயர் நிருவாகப் பதவிகளுக்குப் பெரும்பாலும் கூட்டரசுச் சேவை அதிகாரிகளே வருகின்றனர். ஈப்போவில் கையொப்பமிடும் அதிகாரி மாநிலத்திற்காகச் செயற்படுகிறார். அவருடைய பணிவாழ்வோ புத்ராஜெயாவைச் சார்ந்துள்ளது.

ஒன்பதாம் அட்டவணை

1957ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை, அதிகாரங்களைக் கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பிரிக்கிறது. கல்வி கூட்டரசுப் பட்டியலில் உள்ளது. நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது. தமிழ்நாட்டு நிலையோடு இதனை ஒப்பிடுதல் தகும். இந்திய அரசியலமைப்பில் கல்வி முதலில் மாநிலப் பட்டியலிலேயே இருந்தது; 1976ஆம் ஆண்டு 42ஆம் திருத்தத்தால்தான் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. பள்ளியும் அது நிற்கும் நிலமும் ஒரே அரசின் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தன. மலேசியாவில் அவ்விணைப்பு தொடக்கத்திலேயே இல்லை. எனவே ஆசிரியர் நியமனம், பாடத்திட்டம், பாடநூல், தேர்வு ஆகியவை கூட்டரசின் கல்வி அமைச்சிடமிருந்து வருகின்றன. பள்ளிக்கு ஓர் ஏக்கர் நிலம் வேண்டுமாயின் ஈப்போவிலுள்ள மாநில அரசிடம் செல்ல வேண்டும்.

நிலம் மாநிலத்திற்கு அதிகாரம் மட்டுமன்று, வருவாயும் ஆகும். வருமான வரியும் சுங்க வரியும் கூட்டரசுக்கு உரியவை. மாநிலத்திற்கு எஞ்சுவன நிலவரி, நில உரிமைக் கட்டணம், காடு, கனிமம் ஆகியவற்றின் வருவாயும் கூட்டரசு தரும் மானியங்களுமே. ஈய ஏற்றுமதி வரியில் ஒரு பங்கு பேராக்கிற்குக் கிடைத்து வந்தது. 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அதன் பின்னர் நிலத்தின் மீதான மாநிலத்தின் சார்பு மேலும் கூடியதில் வியப்பில்லை. பள்ளிக்கென ஒதுக்கும் நிலம் மாநிலக் கருவூலத்திற்கு வராமற்போன தொகையே. கூட்டரசின் கடமைக்கு மாநிலம் ஏன் தன் வருவாயை இழக்க வேண்டும் என்ற வினா ஈப்போவில் எழுமாயின், அது முற்றிலும் முறையற்ற வினாவென்று நாம் கூற இயலாது.

தோட்டம் என்னும் மூன்றாம் தரப்பு

இவ்விரு அரசுகளுக்கும் அப்பால் மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு. அதுவே தோட்ட நிறுவனம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஓர் இனத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி நடத்த வேண்டுமெனப் பணித்தது. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், பாகான் டத்தோ, சித்தியவான் வட்டாரங்களில் பால்மரக் காட்டினிடையே எழுந்த பள்ளிகள் பல இவ்வழி வந்தவையே. பள்ளி தோட்டத்தின் நிலத்தில், தோட்டத்தின் செலவில், சில வேளைகளில் தோட்டத்துக் கிராணியையே ஆசிரியராகக் கொண்டும் நடைபெற்றது. விடுதலைக்குப் பின் கல்வி அமைச்சு ஆசிரியரை ஏற்றுக்கொண்டது, நிலத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. நிலம் நிறுவனத்தின் பட்டாவிலேயே தங்கிவிட்டது.

'பகுதி உதவி பெறும் பள்ளி' என்னும் வகைப்பாட்டின் வேர் இங்குதான் உள்ளது. அரசுக்கு உரிமையான நிலத்தில் அமைந்த பள்ளி முழு உதவி பெறுகிறது. பிறருடைய நிலத்தில் அமைந்த பள்ளிக்கு ஆசிரியர் ஊதியம் கிடைக்கிறது. கட்டடமும் பராமரிப்பும் பெரும்பாலும் பள்ளி வாரியத்தின் தலையில் விழுகின்றன. நாட்டிலேயே மிகுதியான தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட மாநிலம் பேராக். அங்கு நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆதலின் இச்சுமை அங்கு மிகக் கனமாக உணரப்படுவது இயல்பே.

தோட்டம் கைமாறியபோது நிலை மேலும் சிக்கலாயிற்று. 1950களில் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டுகளாக்கி விற்றனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் அக்காலத்தில் கூட்டரசு அமைச்சர். அவர் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தொழிலாளரின் பத்து வெள்ளிச் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கச் செய்தார். கூட்டரசு அமைச்சராக இருந்தும் அவர் சட்டத்தை நாடாமல் சந்தையை நாடியதற்கு, நிலம் மாநிலங்களின் கையில் இருந்தமையும் ஒரு காரணமென்று கருத இடமுண்டு. நாற்பது எக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற, மாநில அளவில் அமையும் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டுமென்னும் விதி தேசிய நிலச் சட்டத்தில் பின்னரே சேர்க்கப்பட்டது.

2008ஆம் ஆண்டும் அதன் பின்னும்

2008ஆம் ஆண்டு மார்ச்சுப் பொதுத்தேர்தலில், 59 இடங்களைக் கொண்ட பேராக் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சிக் கூட்டணி 31 இடங்களை வென்று ஆட்சி அமைத்தது. மத்தியில் ஒரு கூட்டணி, ஈப்போவில் மற்றொரு கூட்டணி. புதிய அரசு ஒன்பது சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகளின் செலவிற்கென 1,000 எக்டர் நிலத்தை ஒதுக்கியது. புதுக்கிராமங்களிலும் ஒழுங்குபடுத்தப்பட்ட கம்பங்களிலும் வாழ்வோருக்கு நிரந்தரப் பட்டா வழங்கவும் முனைந்தது. கூட்டரசின் தலைமையில் இயங்கும் தேசிய நில மன்றம் குறுக்கிட்டு, அது தேசிய நிலச் சட்டத்திற்கு முரணானது என்றது. நிலம் மாநில அதிகாரம் என்பது எத்துணைத் தூரம் உண்மை என்பதற்கு இந்நிகழ்வே போதிய சான்று. நாடாளுமன்றம் சட்ட ஒருமைப்பாட்டின் பொருட்டு நிலச் சட்டம் இயற்றலாமென 76ஆம் விதி இடமளிக்கிறது. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டம் அவ்வழியே பிறந்தது.

நிரந்தரப் பட்டா பற்றிய இவ்விவாதத்தில் ஒரு மௌனம் நம்மை உறுத்துகிறது. சீனருக்குப் புதுக்கிராமம் இருந்தது. மலாய்க்காரருக்குக் கம்பம் இருந்தது. தோட்டத் தமிழருக்கோ லயன் வீடு மட்டுமே இருந்தது. அது தனியார் நிலம். ஆகவே ஊரக மேம்பாட்டுத் திட்டங்களிலும் அவர்கள் இடம்பெறவில்லை. மத்தியும் மாநிலமும் மோதிய அவ்வழக்கில் வழங்கப்படவிருந்த பொருளிலும் அவர்களுக்குப் பங்கில்லை.

2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்கள் அணி மாற, அவ்வாட்சி வீழ்ந்தது. மே 7ஆம் நாள் சட்டமன்றத்தில் சபாநாயகர் வீ. சிவகுமார் அகற்றப்பட்டு ஆர். கணேசன் அப்பதவியில் அமர்த்தப்பட்டார். 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் சம்ரி அப்துல் காதிரே முறையான மந்திரி பெசார் எனத் தீர்ப்பளித்தது. அரியணையின் அதிகாரமும் அவையின் அதிகாரமும் அன்று நிரம்ப விவாதிக்கப்பட்டன. நம் பொருளுக்கு வேண்டியது வேறொன்று. புதிய ஆட்சியும் நிலத்தையே வழங்கியது. தமிழ்ப்பள்ளி மாணவர் கல்விக்கென 2,000 ஏக்கரை ஒதுக்கியது. வருவாய் தரும் தோட்டமாக அந்நிலம் பயன்படலாம். ஆனால் ஒரு பள்ளியின் காலடியிலுள்ள நிலம் யாருடையது என்னும் வினாவிற்கு அது விடையாகாது.

83ஆம் விதி

"நிலம் மாநில விவகாரம்" என்பது மத்தியில் பலமுறை கேட்கப்படும் மறுமொழி. அது முழு உண்மையன்று. அரசியலமைப்பின் 83ஆம் விதியின்படி, கூட்டரசுத் தேவைக்கு ஒரு மாநிலத்தில் நிலம் வேண்டுமெனக் கூட்டரசு கருதினால், அம்மாநில அரசைக் கலந்தாலோசித்த பின் நிலத்தைக் கோரலாம்; கொடுப்பது மாநிலத்தின் கடமை; அதற்குரிய பணத்தைக் கூட்டரசு செலுத்த வேண்டும். நிலம் தனியார் கையில் இருப்பின் அதனைக் கையகப்படுத்தித் தருமாறும் மாநிலத்தைப் பணிக்கலாம். கல்வி கூட்டரசுப் பட்டியலில் இருப்பதால் பள்ளிக்கட்டடம் கூட்டரசுத் தேவையே. மாநிலமும் தன் பங்கிற்கு வாளாவிருக்க வேண்டியதில்லை; தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்கீழ் அரசு நிலத்தைப் பொதுத்தேவைக்கென ஒதுக்கிப் பதிவிதழில் வெளியிடலாம். இரு வழிகளும் சட்டத்தில் உள்ளன. தோட்டப் பள்ளிகளைப் பொறுத்தவரை ஒவ்வோர் அரசும் மற்றதன் வழியையே சுட்டிக் காட்டி வந்துள்ளது.

2022ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்குப் பின் மத்தியிலும் பேராக்கிலும் பக்காத்தான் ஹராப்பானும் தேசிய முன்னணியும் இணைந்தே ஆட்சி அமைத்தன. ஈப்போவும் புத்ராஜெயாவும் வெவ்வேறு அணியில் இருப்பதால் இயலவில்லை என்னும் காரணம் அவ்வாட்சிகளுக்குப் பொருந்தாது.

ஆசிரியர் செய்யத்தக்க ஒன்றும் உண்டு. பள்ளி ஆண்டு மலர்களில் தலைமையாசிரியர் வரிசை, கட்டடத் திறப்பு, தேர்ச்சி விழுக்காடு எல்லாம் அச்சாகின்றன. நில எண்ணும் பட்டாவிலுள்ள உரிமையாளர் பெயரும் காணப்படுவது அரிது. இவ்விரண்டையும் மாவட்ட நில அலுவலகத்தில் சிறு கட்டணத்திற்குத் தேடிப் பெறலாம். எந்த வழியில் யாரிடம் கேட்பது என்பது அவ்வேட்டைப் பார்த்த பின்னரே தெளிவாகும்.