நானா? நாமா?

தேர்தல் வந்துவிட்டால் தேனி வட்டாரத்தில் ஒலிபெருக்கிக்கு ஓய்வே கிடையாது. சின்னமனூரிலும் கூட்டம், கம்பத்திலும் கூட்டம். பெரிய தலைவர்களைச் சட்டசபைக்கு அனுப்பிய பூமி இது. எம்.ஜி.ஆர். 1984-ம் ஆண்டு ஆண்டிபட்டியில் வென்றார். ஜெயலலிதா 1989-ல் போடிநாயக்கனூரிலும், 2002, 2006 ஆகிய ஆண்டுகளில் ஆண்டிபட்டியிலும் வென்றார்.

தலைவர்கள் பேசுகிறார்கள். நாம் கை தட்டுகிறோம். அந்தப் பேச்சை எடைபோட என்ன வழி? பெரிய படிப்பு வேண்டாம். ஒரு சின்னச் சொல்லைக் கவனித்தால் போதும். பேசுகிறவர் "நான்" என்கிறாரா? "நாங்கள்" என்கிறாரா? "நாம்" என்கிறாரா?

லிங்கன் சொல்லாத சொல்

அமெரிக்காவில் 1863-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி, கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் வீரர்களின் கல்லறை முன்பு ஆபிரகாம் லிங்கன் பேசினார். பேச்சு சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. மக்களுடைய, மக்களால் ஆன, மக்களுக்கான ஆட்சி அழியக்கூடாது என்றார். அந்தப் பேச்சில் "நான்" என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை! எல்லாம் "நாம்"தான்.

அதே சொற்கள் தமிழ் மேடைக்கும் வந்தன. "மக்களால் நான், மக்களுக்காகவே நான்" என்றார் ஜெயலலிதா. லிங்கன் "ஆட்சி" என்று சொன்ன இடத்தில், இங்கே "நான்" வந்து அமர்ந்தது. சொல் ஒன்றுதான் மாறியது. பொருளோ எவ்வளவு தூரம் போய்விட்டது!

ரத்த உறவு

"என் ரத்தத்தின் ரத்தமான உடன்பிறப்புகளே" என்பது எம்.ஜி.ஆரின் அழைப்பு. 1984 தேர்தலின்போது அவர் அமெரிக்காவில், புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். ஆண்டிபட்டிக்கு வந்து ஓட்டுக் கேட்கவில்லை. மருத்துவமனையில் எடுத்த படத்தைத்தான் மக்களுக்குக் காட்டினார்கள். ஆனாலும் வெற்றி அவருக்கே! பல ஆண்டுகளாகச் சொன்ன உறவுச் சொல்லுக்கும் அதில் பங்கு உண்டு.

உறவுச் சொல் இனிமையானது. ஆனால் ஒன்று: உறவுக்காரரிடம் கணக்குக் கேட்க நமக்குக் கூச்சம்!

"நீங்கள்" என்றால்?

1961-ல் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவி ஏற்ற கென்னடி, நாடு உங்களுக்கு என்ன செய்யும் என்று கேட்காதீர்கள், நாட்டுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள் என்றார். 2014 தேர்தலில் ஜெயலலிதா, "செய்வீர்களா?" என்று கேட்டார். இரண்டு பேருமே கேட்பவர்களுக்கு வேலை கொடுத்தார்கள். ஒருவர் நாட்டுக்கு உழைக்கச் சொன்னார். மற்றவர் ஓட்டுப் போடச் சொன்னார்.

காமராசரின் இரண்டு சொல்

ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டது. அப்போது முதல்-மந்திரி காமராசர். கோரிக்கையோடு போனவர்களுக்கு அவர் சொல்லும் பதில் நாடறிந்தது: "ஆகட்டும், பார்க்கலாம்." அதில் "நான்" இல்லை, அலங்காரமும் இல்லை. "பார்க்கலாம்" என்றால் சொன்னவரும் அதில் உண்டு, கேட்டவரும் உண்டு.

இங்கிலீஷில் "நாம்", "நாங்கள்" இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் அப்படி அல்ல. "நாங்கள் அணை கட்டினோம்" என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். "நாம் அணை கட்டினோம்" என்றால் மண் சுமந்தவரும், வரி கட்டியவரும் உள்ளே வந்துவிடுகிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் கை தட்டுங்கள்; தவறில்லை. ஆனால் தட்டுவதற்கு முன் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மேடையில் "நாம்" என்று சொல்பவர், கணக்குக் கேட்கும்போதும் "நாம்" என்கிறாரா என்று பாருங்கள். ஓட்டு உங்களுடையது!